துடைத்திருக்கக் கூடாத கண்ணாடி: கடலூரில் வாங்கிய லென்ஸ் லால்பேட்டையில் தங்கிய கதை

எங்கள் வீட்டுக் கணினியில் சுவர்ப் படங்களுக்கென்றே தனியாக ஒரு ஃபோல்டர் இருக்கிறது. செங்கல் சுவர், சுண்ணாம்பு உரிந்த சுவர், போஸ்டர் கிழிந்த சுவர். பழைய லென்ஸ் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு லென்ஸ் கைக்கு வந்ததும் முதலில் ஒரு சுவருக்கு நேரே போய்த்தான் நிற்போம். நடுவில் கூர்மை எப்படி, நான்கு மூலைகளிலும் எப்படி என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. நான் கேமராவைத் தூக்கினாலே என் மனைவி கவிதா பேசாமல் நகர்ந்துகொள்வாள். சுவரை மறைக்கக் கூடாது என்று அவளுக்கே பழகிவிட்டது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வரி. நான் தேடுவது தானாக ஃபோகஸ் ஆகாத, கையால் வளையத்தைத் திருகிப் பார்க்க வேண்டிய, நாற்பது ஐம்பது வருடத்துப் பழைய லென்ஸ்களை. அடாப்டர் என்று ஒரு சின்ன வளையம் வாங்கினால் இன்றைய கேமராவிலேயே மாட்டிக்கொள்ளலாம். நான் ஒரு லென்ஸை வாங்குவேன், துடைப்பேன், சோதிப்பேன், அலுத்துப்போய் விற்றுவிட்டு அடுத்ததைத் தேடுவேன். ஒன்றோடு நிலையாக இருக்க என்னால் முடிந்ததில்லை.

சென்ற மாதம், மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த வாரம், எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் கடலூர் மொபைல் கடைக்காரர் போட்ட விளம்பரத்தைப் பகிர்ந்தார். மங்கலான படம்தான். ஆனால் லென்ஸின் முகப்பு வளையத்தைப் பார்த்ததுமே எது என்று தெரிந்துவிட்டது. ஜப்பானில் செய்தது, 85 மி.மீ., எஃப் 1.9, கேமராவில் திருகி மாட்டும் மரை. பெயரை எழுதமாட்டேன், எழுதினால் அடுத்த வாரமே விலை ஏறிவிடும். மூன்று வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த லென்ஸ் அது.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தாம்பரத்தில் கடலூர் பேருந்து பிடித்தேன். திண்டிவனம், புதுச்சேரி வழி. ஏறக்குறைய 165 கிலோமீட்டர், நாலேகால் மணி நேரம். இந்த நாலேகால் மணி நேரத்தில் மூன்று முறை இருக்கை மாறினேன். திண்டிவனத்தில் டீ குடிக்க இறங்கி, பேருந்து போய்விடுமோ என்று பாதி டம்ளரோடு ஓடிவந்து ஏறினேன். கடைக்காரரிடம் “யாருக்கும் குடுத்துடாதீங்க” என்று நான்கு தடவை செய்தி அனுப்பியிருந்தேன். நான்காவதற்குப் பதில் வரவில்லை.

கடை கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், துறைமுகம் பக்கம் போகும் சாலையில். பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ இருக்கிறது, இருபது ரூபாய். கடைக்காரர் குமரேசனுக்கு முப்பது வயது இருக்கும். ஒரு வீட்டைக் காலி செய்தபோது பழைய சாமானோடு சாமானாக வந்த பெட்டியாம். லென்ஸைச் சார்ஜர் ஒயர்களுக்கு நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

“நீங்கதானாண்ணா அந்த நாலு மெசேஜு? காலையிலேந்து கஸ்டமர பாக்கறதா, ஒங்களுக்கு பதில் போடறதா?”

“வேற யாராவது கேட்டாங்களா?”

“யாருண்ணா கேக்கப்போறா? ஒண்ணு சொல்லிடறேன், உள்ள பூத்துருக்கு. அப்பறம் ஏமாத்திட்டான்னு பேசக் கூடாது.”

செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் பிடித்துப் பார்த்தேன். உண்மைதான். உள்கண்ணாடி ஒன்றில் மெல்லிய வெண்மங்கல் படர்ந்திருந்தது. இதை நாங்கள் ஹேஸ் என்போம். பூஞ்சை என்றால் பயப்பட வேண்டும், பூஞ்சை பிடித்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில்கூட வைக்கமாட்டோம். ஹேஸ் அப்படியில்லை, திறந்து துடைத்தால் போய்விடும். பேரம்கூடப் பேசவில்லை, கேட்ட ஆறாயிரத்தைக் கொடுத்துவிட்டேன். குமரேசன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் ஆயிரம் ஜாஸ்தி சொல்லியிருக்கலாம் போல” என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

அங்கிருந்து நேராகச் சில்வர் பீச். கடலூர் வருகிற லென்ஸ்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எல்லையில்லாத் தூரத்துக்கு ஃபோகஸ் சரியாக விழுகிறதா என்று பார்க்க இந்தக் கடலைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. மணலில் நின்று தொடுவானத்தைப் பார்த்து வளையத்தைக் கடைசிவரை திருக வேண்டும், கோடு கோடாகவே தெரிய வேண்டும். பத்து மணிக்கு மேல் போனால் வெப்பத்தில் கோடு நெளியும். நான் போனபோது பத்தரை. வெயில் மண்டையைப் பிளந்தது. இருந்தாலும் கோடு விழுந்தது, ஃபோகஸ் சரி. ஆனால் ஹேஸ் காரணமாகத் தூரத்தில் நின்ற படகுகளைச் சுற்றி ஒரு பால் வெளிச்சம். என்னால் அதைப் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

“கிடைத்துவிட்டது. உள்ளே ஹேஸ். அடுத்து கோபுரத்தில் சோதிக்கச் சிதம்பரம். அங்கே இன்றே துடைத்துவிடுவேன்” என்று குழுவில் படத்தோடு போட்டேன். வாழ்த்துகள் குவிந்தன, பொறாமைகளும். நடுவில் நஸீமாவிடமிருந்து ஒரு செய்தி.

நஸீமா எங்கள் குழுவில் இருக்கும் ஒரே பெண். லால்பேட்டையில் பிறந்து சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவர். பேருந்து நிலையத்துக்கு அருகே மாடியில் ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறார். முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் ஆண் புகைப்படக்காரர்கள் போக முடியாதல்லவா, அந்த வேலை மொத்தமும் இவருக்கு. இரண்டு வருடமாகக் குழுவில் பேசிப் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. அன்று அவர் எழுதியது: “சிதம்பரம் வர்றீங்கல்ல அண்ணா? என் 55 லென்ஸ்ல ரிங் டைட்டா இருக்கு. கொஞ்சம் பாத்துக் குடுங்க.”

கடலூரிலிருந்து சிதம்பரம் 45 கிலோமீட்டர். பேருந்து அடிக்கடி உண்டு, ஒன்றேகால் மணி நேரம். பகல் ஒரு மணிக்கு நஸீமாவின் ஸ்டுடியோ மாடியேறினேன். நாற்பதை நெருங்கும் வயது, வேகமான பேச்சு. பேசிக்கொண்டே ஒரு கையால் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தார். லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி என் கையில் வைத்தார்.

“இந்த வளையத்தத் திருப்பறதுக்குள்ள பொண்ணு சிரிச்சி முடிச்சிடுது. நாளைக்கி வேல இருக்கு. சாயந்தரத்துக்குள்ள குடுத்துடுவீங்களா?”

“ஆறு மணிக்குக் கையில இருக்கும்” என்றேன். எனக்குப் பெருமை. இரண்டு வருடப் பழக்கத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி.

கீழ வீதிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன், ஏசி இல்லாதது 900 ரூபாய். கோபுரத்தை வைத்து லென்ஸ் சோதிக்கலாம் என்றால் உச்சி வெயில், நிழல் எல்லாம் கறுப்பு. கோயிலுக்குள் போகலாம் என்றால் நடை சாத்தியிருந்தது. ஆட்டோக்காரர் ஒருவர், “இப்ப போயி இன்னா சார் பண்ணுவ? சாப்ட்டு படு, சாமியே தூங்குது” என்றார். சாமியால் முடிகிறது. என்னால் முடியாதே. சாப்பிட்டுவிட்டு வந்து, படுக்கையில் துண்டை விரித்து, கருவிகளைப் பரப்பினேன்.

முதலில் என்னுடைய 85. உள்கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையம் இறுகிப் போயிருந்தது. ரப்பர் வைத்துத் திருகினேன், ஸ்பேனர் வைத்துத் திருகினேன், ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருந்து திருகினேன். ம்ஹூம். மேலும் அழுத்தினால் கண்ணாடி கீறிவிடும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தேன். மூடி வைத்தேனே தவிர கை அடங்கவில்லை.

அடுத்து நஸீமாவின் 55. அது சொன்னபடி கேட்டது. பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புதுசு தடவினேன். வளையம் வெண்ணெயாக வழுக்கியது. வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் அந்த வேலைக்காகக் கண்ணாடித் தொகுதியைத் தனியே கழற்றி வைத்திருந்தேன் அல்லவா, அதைத் திரும்ப மாட்டும் முன் பழக்க தோஷத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஹேஸ். என்னுடையதைப் போலவே, இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

எங்கள் கூட்டத்து ஆட்களுக்கு இது ஒரு வியாதி. யார் வீட்டுக்குப் போனாலும் கோணலாக மாட்டிய காலண்டரை நேராக்கிவிட்டு உட்காரும் மனிதர்கள் இருப்பார்களே, அப்படித்தான். மங்கலான கண்ணாடியைப் பார்த்துவிட்டு மூடி வைக்க எங்களால் ஆகாது. பாவம், இந்த அம்மா இத்தனை நாளும் இதை வைத்தா படமெடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பரிதாபப்பட்டேன். கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கண்ணாடி துடைக்கும் மருந்தில் துணியை நனைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு வட்டமாக, ஒரு தடவை, இரண்டு தடவை. மறுபடி டார்ச் அடித்தேன். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை.

நாலரை மணிக்கு அதையே என் கேமராவில் மாட்டிக்கொண்டு மேல வீதிக்கு ஓடினேன். (கோயிலுக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள், வம்பு. வீதியில் நின்றால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.) சாய்ந்த வெயிலில் கோபுரத்துச் சுதைப் பொம்மைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் விரல் நகம் தெரிகிறது, புறா உட்கார்ந்திருந்தால் அதன் கண் தெரிகிறது. மூலைகளும் பிரமாதம். நடுவீதியில் நின்று சிரித்துக்கொண்டேன். பூக்கடைக்காரம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆறு மணிக்கு முன்பே ஸ்டுடியோவில் இருந்தேன். நஸீமா லென்ஸை வாங்கி வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். “அட, அல்ஹம்துலில்லாஹ்! கையி பட்டாவே போவுதே!” என்றார். கேமராவில் மாட்டி, சுவரில் தொங்கிய தன் மகளின் படத்தை நோக்கி ஒன்று எடுத்தார். திரையைப் பார்த்தார். ஜன்னலோரம் போய் இன்னொன்று எடுத்தார். பெரிதாக்கினார். மேசைமேல் கேமராவை மெதுவாக வைத்தார்.

“அண்ணா, கண்ணாடியத் தொட்டீங்களா?”

“ஆமா, உள்ள ஒரே ஹேஸ். சுத்தமா எடுத்துட்டேன். இப்ப எப்படி இருக்கு பாத்தீங்களா?” என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் ரிங்க மட்டும் தான அண்ணா பாக்கச் சொன்னேன்? அந்தப் பொகை இருக்கறதுக்குத்தான அந்த லென்ச வெச்சிருக்கேன். எங்கிட்ட வேற லென்சு இல்லியா என்ன? ஊர்ல பொண்ணுங்க ‘நூர் தெரியுற மாதிரி எடுத்துக் குடு லாத்தா’ன்னு கேக்கறது இதுல எடுக்கறதத்தான்.”

லாத்தா என்றால் அக்கா, நூர் என்றால் ஒளி. முகத்தில் நூர் இருக்கிறது என்பார்கள். நான் மதியம் துணியில் துடைத்து லாட்ஜ் குப்பைக் கூடையில் போட்டது அதைத்தான்.

அதோடு முடிந்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். ஆனால் மறுநாள் லால்பேட்டையில் நஸீமா படமெடுக்க வேண்டிய நிக்காஹ். மணப்பெண்ணுக்குச் சின்ன வயதில் வெந்நீர் கொட்டி வலது கன்னத்தில் தழும்பு. பள்ளிக்கூடத்து அடையாள அட்டையைத் தவிர அவள் எங்கேயும் கேமரா முன்னால் நின்றதில்லை. போன வருடம் அவள் அக்கா நிக்காஹில் நஸீமா அவளுக்குத் தெரியாமல் ஒரு படம் எடுத்திருக்கிறார், இந்த லென்ஸில்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் தன் கல்யாணத்துக்குப் படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள்.

“இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே சரி பண்ணிடலாமே” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது.

“அவங்கக்கா அவளுக்குத் தெரியாம போன்ல எடுத்து மூஞ்சிய வழிச்சிக் காட்டுனா. ‘இது யாரு?’ன்னு கேட்டுட்டு எழுந்து போயிடிச்சி அந்தப் புள்ள. தழும்பு இருக்கணும் அண்ணா, அது அவ மூஞ்சி. ஆனா அது மட்டும் கத்தக் கூடாது. அவ்ளோதான் கேக்கறா.”

அடுத்த ஒரு மணி நேரம் நான் ஆடிய ஆட்டம் சொல்லி மாளாது. கண்ணாடியில் மூச்சை ஊதினேன், எடுப்பதற்குள் ஆறிவிட்டது. லென்ஸ் முன்னால் மாட்டும் ஃபில்டரில் வாஸலின் தடவினேன், விளக்கு வெளிச்சம் திட்டுத் திட்டாக வழிந்தது. மாடியிறங்கி ஓடி ஒரு நைலான் சாக்ஸ் வாங்கிவந்து லென்ஸ்மேல் இழுத்துக் கட்டினேன், ஒவ்வொரு விளக்குக்கும் நாலு கால் முளைத்தது. நஸீமா ஒவ்வொன்றையும் பொறுமையாக எடுத்துப் பார்த்து, “மேக்கப்பு மாதிரி இருக்கு” என்று தள்ளினார். ஆறேமுக்காலுக்கு சாக்ஸைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். யாரென்றே தெரியாத ஒரு பெண் நாளைக்குக் கேமராவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்குக் காரணம் நான்தான்.

அப்போது நஸீமா கேட்டார்: “காலையில குரூப்ல போட்டீங்களே ஒண்ணு. அதுல ஹேஸ் இருக்குன்னீங்க. அதையும் தொடச்சிட்டீங்களா?”

உண்மையைச் சொல்கிறேன், துடைத்துவிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மூன்று வருடத் தேடல். கைக்கு வந்து பத்து மணி நேரம்கூட ஆகவில்லை. “இல்ல, வளையம் தெறக்கல” என்றேன். உடனே, “ஆனா அது எம்பத்தஞ்சு, மூஞ்சி ரொம்பக் கிட்டக்க வரும். வீட்டுக்குள்ள பின்னால போக எடம் வேணும்” என்றும் சேர்த்தேன்.

“வாசப்படி வரைக்கும் போவேன், நீங்க குடுங்க” என்றார்.

கொடுத்தேன். அதே திருகு மரை, அவர் அடாப்டரிலேயே பொருந்தியது. ஸ்டுடியோவில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. “நில்லுங்க” என்று என்னையே ஜன்னல் பக்கம் நிறுத்தி, தெருவிளக்கும் டியூப்லைட்டும் கலந்த வெளிச்சத்தில், கதவுவரை பின்னால் போய் ஒரு படம் எடுத்தார். எனக்கு முகவாயில் ஒரு தையல் தழும்பு உண்டு, பைக்கிலிருந்து விழுந்தபோது பட்டது. கேமராவை என்னிடம் நீட்டினார். வாங்கிய கையோடு பெரிதாக்கி இடது மூலைக்குப் போனேன். அப்புறம் வலது மூலை.

“மூஞ்சி நடுவுல இருக்குண்ணா. மூலையில போயி எதத் தேடறீங்க?”

நடுவுக்கு வந்தேன். நான்தான். தூங்காத கண், வெயிலில் கறுத்த நெற்றி. தழும்பும் இருந்தது, இருக்கும் இடத்தில். அதைச் சுற்றி முகம் முழுக்க மெல்லிய வெளிச்சம் பரவியிருந்ததில், பார்க்கிறவன் கண் நேரே தழும்புக்குப் போகவில்லை. காலையில் படகைச் சுற்றி வந்து என்னை எரிச்சல்படுத்திய அதே பால் வெளிச்சம்.

“நாளைக்கி முடிச்சிட்டுக் குடுத்துடறேன், அதுவரைக்கும் இது ஒங்ககிட்ட இருக்கட்டும்” என்று 55ஐ என் கையில் வைத்தார் நஸீமா. நான் தலையாட்டினேன்.

ஞாயிறு காலை ஊருக்குத் திரும்புவதாகத் திட்டம். முடியவில்லை. நானும் வரலாமா என்று கேட்டேன். மணப்பெண்ணின் தகப்பனாரிடம் கேட்டுவிட்டு, “வாங்க, பந்தல்ல ஆம்பளைங்க பக்கம் ஒக்காருங்க” என்றார். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் பேருந்து லால்பேட்டையில் நிற்கும். இருபத்தைந்து கிலோமீட்டர்போல, முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கினால் வீராணம் ஏரி கூப்பிடு தூரம். மழைக்குப் பிறகு தளும்பத் தளும்ப இருக்கும், பார்க்க வேண்டிய இடம். நான் பார்க்கவில்லை. நேரே பந்தலுக்குப் போய்விட்டேன்.

மணப்பெண்ணின் தகப்பனார் வாசலில் நின்று கையைப் பிடித்து வரவேற்றார். பக்கத்தில் இருந்தவரிடம், “கேமரா மெக்கானிக்கு. மெட்ராஸ்லேந்து வந்திருக்காரு” என்று அறிமுகம் செய்தார். நஸீமா அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார். நானும் கையை நீட்டிக் குலுக்கினேன்.

வீட்டையொட்டித் தெருவில் பந்தல். எனக்கும் பெண்கள் இருந்த கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர், பச்சை பெயின்ட் அடித்தது, மேலே சரவிளக்குகள். அந்தப் பக்கம் வளையல் சத்தம், சிரிப்பு, யாரோ குழந்தையை அதட்டும் குரல். நடுநடுவே ஷட்டர் சத்தம் கேட்பதுபோல் இருந்தது. என் லென்ஸ் பத்தடி தள்ளி வேலை செய்துகொண்டிருக்கிறது, எப்படிச் செய்கிறது என்று பார்க்க வழியில்லை. நிக்காஹ் ஓதினார்கள், துஆ செய்தார்கள், எழுந்து ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டார்கள். பிரியாணியும் தாளிச்சாவும் வந்தன. நல்ல பிரியாணியாகத்தான் இருந்திருக்கும். எனக்கு நினைவில்லை. எதிரே இருந்த பெரியவர், “மெக்கானிக் தம்பி, கறிய எடுத்து வெச்சிக்குங்க. செவுத்தையே பாத்துட்ருக்கீங்களே” என்றார். கை சும்மா இருக்காமல், நஸீமாவின் 55ஐ மாட்டியிருந்த என் கேமராவை எடுத்து அந்தச் சுவரை ஒரு படம் எடுத்தேன். பெயின்டில் பிரஷ் மயிர் ஒன்று ஒட்டியிருந்தது, அதுகூடத் தெரிந்தது.

மூன்று மணிக்கு நஸீமா வெளியே வந்தார். முகமெல்லாம் வியர்வை. பையிலிருந்து லென்ஸை எடுத்து நீட்டினார்.

“இந்தாங்கண்ணா.”

“எப்படி வந்துது?”

“பொம்பளைங்க பக்கத்து போட்டோ. ஒங்களுக்குக் காட்ட முடியாதே.”

எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். ஒரு லென்ஸ் எடுத்த படத்தைப் பார்க்காமல் நான் இருந்ததே இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, அவரே சொன்னார்.

“மொத போட்டோ எடுத்து அவகிட்ட காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தா. கையால தொட்டுக்கூடப் பாத்தா, கன்னத்த இல்ல, திரைய. எனக்கு உசுரே இல்ல. அப்பறம் ‘இன்னொண்ணு எடுங்க லாத்தா’ன்னா.”

நீட்டிய லென்ஸ் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. வாங்கிப் பைக்குள் போட்டிருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெரிய ஸ்பேனர் வீட்டில் இருக்கிறது. வளையம் திறந்துவிடும்.

“நீங்களே வெச்சுக்கோங்க. எங்கிட்ட இருந்தா ஒரு நாள் தொடச்சிடுவேன். நான் ஒங்க அம்பத்தஞ்ச எடுத்துக்கறேன்” என்றேன். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை, அவருக்கும் ஆசைதான். பேருந்து ஏறும்வரை எனக்கு வயிறு எரிந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இதே பாதையில் போகிறவர்களுக்குச் சில சொற்கள். கடல் சோதனையைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு அடுத்த பேருந்தில் சிதம்பரம் போய்விடுங்கள். கோபுரத்துக்கு மாலை நாலரைக்கு மேல்தான் வெளிச்சம் சரியாக விழும், அதனால் மதியம் தூங்குங்கள். நிஜமாகவே தூங்குங்கள். பேருந்து, அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. கடலூர் ஓ.டி.யில் மொபைல் கடைகளை விசாரித்துப் பாருங்கள், இன்னும் பெட்டிகள் இருக்கலாம். அடுத்தவர் லென்ஸைத் திறந்தால் கேட்டதை மட்டும் செய்துவிட்டு மூடுங்கள். உள்ளே எது தெரிந்தாலும், துணியை எடுக்கும் முன் போனை எடுத்துக் கேளுங்கள்.

இந்தக் கட்டுரையைப் பாதி எழுதிக்கொண்டிருந்தபோது நஸீமாவிடமிருந்து ஒரு படம் வந்தது. “ஒங்களுக்குக் காட்டக்கூடியது இது ஒண்ணுதான்” என்று எழுதியிருந்தார். ஒரு சுவர். அதே பச்சைச் சுவர், கூடத்துப் பக்கத்திலிருந்து எடுத்தது. நான் பந்தலில் எடுத்த படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதில் பெயின்ட் இருந்தது, பிரஷ் மயிர் இருந்தது. அவருடையதில் சரவிளக்குகளின் வெளிச்சம் கரைந்து சுவரெல்லாம் வழிந்திருந்தது. அதன் நடுவே ஒரு நிழல். முக்காடு போட்ட தலை, லேசாகத் தூக்கிய முகவாய். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நிற்கிற மணப்பெண்ணின் நிழல் அது.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. மூலைக்குப் போகவில்லை. எழுந்து அலமாரியிலிருந்து கேமராவை எடுத்தேன். 55 அதில்தான் இருந்தது. கவிதா ஜன்னலோரம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள், காலை வெயில் அவள் பக்கவாட்டில் விழுந்திருந்தது. வளையத்தைத் திருகினேன். அவள் கண் கூர்மையாக வந்து நின்றது.

கேமராவைப் பார்த்ததும், “இருங்க, நகந்துக்கறேன்” என்று துணிகளை அள்ளிக்கொண்டு கவிதா நகர்ந்துவிட்டாள். படத்தில் சுவர்தான் விழுந்தது.